நோன்பும் பசியும்

ஐப்பசித் திங்களில் அக்கரப்பத்தனை மலைகளில் மழையும் பனிமூட்டமும் ஒருங்கே இறங்கும். ஹோட்டன் சமவெளியின் சாரலை அடுத்துள்ள டயகம, ஹோல்புரூக், டொரிங்டன் முதலிய தோட்டங்களில், விடிந்தும் விடியாத பொழுதிலேயே தொழிலாளர் பிரட்டுக் களத்திற் கூடிவிடுவர். அவருள் கந்தசஷ்டி விரதங் காக்கும் பெண்கள் சிலரும் இருப்பர். நாளுக்கு ஒருவேளை உணவு. சிலர்க்குப் பாலும் பழமும். இன்னுஞ் சிலர்க்குத் தண்ணீர் மட்டுமே. கூடையைச் சுமந்துகொண்டு மலையேறும் அவரிடம், வெறும் வயிற்றோடு நாள் முழுதும் எவ்வாறு நிற்க முடிகின்றது எனக் கேட்டால், உடம்பு சோர்ந்தாலும் மனம் தெளிந்திருக்கின்றது என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடையாகும்.

இதே மலைகளில் வேறொரு வகை வெறும் வயிறும் உண்டு. மாதக் கடைசியில் மாவும் தீர்ந்துபோன வீட்டிலிருந்து, சாயத் தண்ணீரை மட்டும் அருந்திவிட்டுப் பாடசாலைக்கு நடந்து வரும் பிள்ளையின் வயிறு அது. அப்பிள்ளைக்குக் கரும்பலகையில் எழுதியது கண்ணிற்படும், கருத்திற் பதியாது. பத்து மணியளவில் தலை மேசைமீது சாய்ந்துவிடும்.

வயிறு இரண்டும் வெறுமையே. ஒன்று மனத்தைத் தெளிவிப்பதாகவும், மற்றொன்று மழுங்கச் செய்வதாகவும் இருப்பதற்குக் காரணம் யாது? இவ்வினாவுக்கு நம் முன்னோர் கண்ட விடை ஒன்று உண்டு. மலையக மக்களின் வரலாறு எழுதிய விடை ஒன்று உண்டு. கடந்த நூறு ஆண்டுகளில் விஞ்ஞானிகள் கண்ட விடையும் ஒன்று உண்டு. மூன்றையும் ஒருங்கு வைத்து நோக்குதல் பயனுடைத்து.

முதலில் இலக்கியத்தை நோக்குவோம். உண்ணாதிருத்தல் உள்ளத்துக்கு உரந் தரும் என்னும் நம்பிக்கை தமிழரிடையே மிகப் பழமையானது. சங்க காலத்துச் சோழ மன்னன் கோப்பெருஞ்சோழன் உறையூரைத் துறந்து, உண்ணாநோன்பு பூண்டு வடக்கிருந்தான். அந்நிலையில் அவன் பாடியனவாகப் புறநானூற்றிற் பாடல்கள் உள்ளன. தான் நேரிற் கண்டிராத நண்பர் பிசிராந்தையார் தப்பாது வருவார் என்றும், அவர்க்குத் தன் அருகே இடம் ஒதுக்கி வைக்கவேண்டும் என்றும் அவன் கூறினான். அவரும் வந்து சேர்ந்தார். வயிறு வெறுமையுற்ற வேளையிலும் நட்பும் நினைவும் சொல்லும் வழுவாது நின்றதையே அப்பாடல்கள் காட்டுகின்றன.

ஆனால் அதே தமிழ் மரபு பசியைப் பற்றிப் பேசும்போது அதன் குரல் முற்றிலும் மாறிவிடுகின்றது. மணிமேகலைக் காப்பியம் பசியை ஒரு பிணி என்றே அழைக்கின்றது. குடிப்பெருமை, மேன்மை, நாணம் ஆகியவற்றை அழிப்பதோடு, கல்வியாகிய தெப்பத்தையும் கைநழுவச் செய்வது பசி என்பது அக்காப்பியத்தின் கருத்து. பசியை ஆற்றும் அமுதசுரபி கிடைத்த இடமாகிய மணிபல்லவத்தை நம் நயினாதீவெனக் கொள்வாரும் உளர். நல்வழி பாடிய ஔவையாரோ, பசி வந்தவிடத்து நீங்கிவிடும் பத்துப் பண்புகளை வரிசைப்படுத்துகின்றார். அவ்வரிசையிற் கல்வி உண்டு, அறிவுடைமை உண்டு, ஊன்றி நோக்கின் தவமும் உண்டு. நோன்பு தவத்தின் ஓர் உறுப்பு. ஆகவே பசி, நோன்பையே துரத்திவிடுகின்றது என்பது ஔவையாரின் முடிபாகின்றது. இரண்டும் உண்ணாமையே எனினும், முன்னோர் இவற்றை ஒரு பொருளாகக் கருதவில்லை என்பது இதனால் விளங்கும்.

இவ்வுண்மையைத் தம் உடம்பிலேயே கண்டறிந்தவர் ஒருவரின் வரலாறும் இலங்கையர் யாவரும் அறிந்ததே. சித்தார்த்தர் ஞானந் தேடி ஆறு ஆண்டுகள் தம்மை வருத்தினார். எலும்பும் தோலுமாக உடல் மெலியும்வரை உணவைக் குறைத்தார். அதனால் மெய்யறிவு கிட்டவில்லை. சுஜாதை என்னும் பெண் அளித்த பாற்சோற்றை உண்டு வலுப்பெற்ற பின்னரே அவர் போதி மரத்தடியில் அமர்ந்தார் என்பது பௌத்த மரபு. அவர் வகுத்த ஒழுக்கத்தில் நோன்பு முற்றாக நீக்கப்படவில்லை. துறவியர் நண்பகலுக்குப் பின் உண்ணலாகாது என்னும் அளவிற்கு அது நிறுத்தப்பட்டது. உணவை முற்றும் மறுத்தலும் வேண்டாம், மிகையாக உண்ணலும் வேண்டாம் என்னும் நடுவழி, அனுபவத்திற் பிறந்த வழியேயாகும்.

இனி மலையக மக்களின் வரலாற்றுக்கு வருவோம். அவர்தம் மூதாதையர் பலர் இத்தீவுக்கு வந்ததற்குப் பசியே பெருங் காரணம். 1876ஆம் ஆண்டு தொடங்கி 1878ஆம் ஆண்டுவரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும் பஞ்சத்தில் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அக்காலத்தில் இலங்கையில் இருந்தவை பெரும்பாலும் கோப்பித் தோட்டங்களே. சேலம், திருச்சிராப்பள்ளி, மதுரை, திருநெல்வேலி முதலிய மாவட்டங்களிலிருந்து கடல் கடந்து அத்தோட்டங்களை நோக்கி வந்தோர் தொகை அவ்வாண்டுகளிற் பெரிதும் உயர்ந்தது.

அப்பஞ்சத்தில் நிகழ்ந்த ஒரு விவாதம் இங்கு நினைக்கத்தக்கது. 1877ஆம் ஆண்டு தொடக்கத்தில், இந்திய அரசாங்கத்தின் பஞ்சப் பிரதிநிதியாய்ச் சென்னை மாகாணத்துக்கு வந்த சேர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலையில் ஈடுபட்டோர்க்கு நாளொன்றுக்கு ஓர் இறாத்தல் தானியமும் சிறிதளவு காசும் போதும் எனக் கூலியைக் குறைத்தார். மாகாணத்தின் சுகாதார ஆணையாளராயிருந்த வைத்தியர் கோர்னிஷ் இதனை வன்மையாக எதிர்த்தார். கல்லுடைக்கும் மனிதன் ஓர் இறாத்தல் தானியத்தைக் கொண்டு உடம்பைக் காக்க இயலாது என்பது அவர் வாதம். சில மாதங்களின் பின்னரே அளவு உயர்த்தப்பட்டது. அதற்குள் உயிரிழந்தோர் பலர்.

இந்த ஓர் இறாத்தலின் பொருளை உலகம் அளந்தறிந்தது ஏறத்தாழ எழுபது ஆண்டுகளின் பின்னராகும். இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலத்தில், அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்னும் உடலியல் அறிஞர் ஓர் ஆராய்ச்சியை நடத்தினார். மனச்சான்றின் காரணமாகப் போர்புரிய மறுத்த இளைஞர் 36 பேர், தாமாகவே முன்வந்து 24 வாரங்கள் அரைப்பட்டினி கிடந்தனர். அவர்க்கு அளிக்கப்பட்டது நாளொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,570 கலோரி. ஓர் இறாத்தல் அரிசி தருவது ஏறத்தாழ 1,600 கலோரி. அதாவது, 1877இல் பஞ்சத்தில் மெலிந்த மக்கள் கடும் உழைப்புக்கு ஈடாகப் பெற்றதும், மின்னசோட்டாவில் நன்கு உண்டு வளர்ந்த இளைஞர் பட்டினி ஆராய்ச்சிக்காகப் பெற்றதும் ஏறத்தாழ ஒரே அளவினவாம்.

அவ்விளைஞர்க்கு நேர்ந்தது யாது? உடல் எடையில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு குறைந்தது. எந்நேரமும் உணவைப் பற்றியே நினைத்தனர். கனவிலும் உணவே கண்டனர். சோர்வும் சினமும் தனிமை நாட்டமும் மிகுந்தன. மனத்தை ஒருமுகப்படுத்த முடியவில்லை என அவர்கள் முறையிட்டனர். எனினும் வியப்புக்குரிய செய்தி ஒன்று: அறிவாற்றலை அளக்கும் சோதனைகளில் அவர்கள் பெரிய வீழ்ச்சி எதனையுங் காட்டவில்லை. மூளையின் திறன் அங்கேயே இருந்தது; அதனைப் பயன்படுத்தும் நாட்டத்தைப் பசி தன்பால் ஈர்த்துக்கொண்டது எனலாம். 1950ஆம் ஆண்டில் இவ்வாராய்ச்சியின் முடிவுகள் இரு பெருந் தொகுதிகளாக வெளிவந்தன.

பஞ்சத்துக்குத் தப்பி மலையேறியவரைப் பசி அத்துடன் விட்டுவிடவில்லை. தோட்டத்தில் அரிசி கணக்கில் வழங்கப்பட்டது. அதன் விலை கூலியிற் கழிக்கப்பட்டது. உழைப்பவர் அறியாமலே கடன் வளர்ந்தது. கோப்பி அழிந்து தேயிலை வந்த பின்னும் இம்முறை நெடுங்காலம் நீடித்தது. பின்னர், 1973, 1974ஆம் ஆண்டுகளில் நாட்டில் உணவுத் தட்டுப்பாடு நேர்ந்தபோது, சொந்த நிலமில்லாத தோட்ட மக்களே அதன் கடுமையைப் பெரிதும் தாங்கினர். தோட்டப் பகுதிகளில் இறப்பு வீதம் உயர்ந்தது. அண்மையிலும், 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில், அவ்வாண்டு செப்டம்பர் மாதம் உணவுப் பணவீக்கம் 90 வீதத்தைத் தாண்டியபோது, லயன் அறைகளிற் பல அடுப்புகள் ஒருவேளைக்கு மட்டுமே எரிந்தன.

இத்துணைப் பசியைக் கண்ட மக்கள் நோன்பைக் கைவிடவில்லை என்பதே மலையக வரலாற்றிற் சிந்திக்கத்தக்க செய்தி. மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய நாள் முதல் விரதம். தீ மிதிப்போர்க்குக் கடுமையான விரதம். மாசித் திங்களிற் காமன் கூத்தில் மன்மதனாகவும் இரதியாகவும் வேடந் தாங்குவோர்க்கும் விரதம். அயல் வீட்டு இசுலாமியர் றமழானில் நோன்பிருப்பர். கிறித்தவர் தவக்காலத்தில் ஒறுத்தல் செய்வர். இந்நோன்புகள் யாவற்றுக்கும் பொதுவான பண்புகள் மூன்று. நோற்பவர் தாமே விரும்பி மேற்கொள்கின்றனர். முடியும் நாளும் நேரமும் முன்னரே தெரியும். இறுதியில் பாரணையோ, நோன்புக் கஞ்சியோ, கோயிற் பிரசாதமோ காத்திருக்கும். அதனை ஊரே கூடி உண்ணும். பசியில் இம்மூன்றும் இல்லை. அதனை யாரும் விரும்பி ஏற்பதில்லை. அது முடியும் நாள் எவர்க்குந் தெரியாது. அதன் முடிவிற் பகிர்ந்துண்ண எதுவும் இருப்பதில்லை.

இவ்வேறுபாடு மனத்தளவில் மட்டும் உள்ளதா, அன்றி உடலளவிலும் உள்ளதா? இங்கேதான் விஞ்ஞானம் துணைக்கு வருகின்றது.

மனித மூளை உடல் எடையில் ஏறத்தாழ 2 வீதமே. ஆனால் உடல் ஓய்ந்திருக்கும்போது செலவாகும் சக்தியில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கை அது உட்கொள்கின்றது. நாளொன்றுக்கு அதற்கு வேண்டிய குளுக்கோசு ஏறத்தாழ 120 கிராம். உண்ணாதிருக்கும்போது ஈரல் தன்னிடம் சேமித்து வைத்திருப்பதிலிருந்து குளுக்கோசை வழங்கும். அச்சேமிப்பு ஏறத்தாழ ஒரு நாளில் வற்றிவிடும். அதன் பின் தசையைக் கரைத்தே குளுக்கோசு ஆக்கவேண்டும். மூளைக்குக் குளுக்கோசைத் தவிர வேறு எரிபொருள் இல்லை என்றே 1960கள்வரை பலர் கருதினர். அவ்வாறாயின், சில வாரங்களில் தசையெல்லாம் கரைந்து மனிதன் மடிந்துபோதல் வேண்டும். ஆனால் ஒரு மாதத்துக்கு மேலும் உண்ணாதிருந்தோர் வரலாற்றில் உளர். இப்புதிரை விடுவித்தது 1967ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ஓவன், காஹில் முதலியோர் நடத்திய ஆராய்ச்சியாகும். வைத்தியர் கண்காணிப்பில் ஐந்தாறு வாரங்கள் உண்ணாதிருந்த பருத்த உடலினர் மூவரின் மூளைக்குச் செல்லும் இரத்தத்தையும், மூளையிலிருந்து திரும்பும் இரத்தத்தையும் அவர்கள் சோதித்தனர். கொழுப்பு கரையும்போது ஈரலில் உண்டாகும் கீற்றோன்கள் என்னும் பொருள்களே, மூளைக்கு வேண்டிய எரிபொருளிற் பெரும்பங்கை ஈடுசெய்தன எனக் கண்டனர்.

நோன்பு நாளில் மனந் தெளிந்திருப்பதாகப் பலர் கூறுவது வெறுங் கற்பனையன்று என்பதற்கு இஃது ஓர் ஆதாரம். உணவு தவறியதும் மூளை அணைந்துவிடுவதில்லை. வேறு விறகில் எரியக் கற்றுக்கொள்கின்றது. குறுகிய நோன்பின்போது உடலை விழிப்பூட்டும் சுரப்புகள் மிகுவதும், பெருவிருந்துக்குப் பின் வரும் உறக்கம் இல்லாதிருப்பதும் அத்தெளிவுக்குத் துணையாகலாம். உண்ணாமை வலிப்பு நோயைத் தணிக்கும் என்பது கிரேக்க வைத்தியர் காலத்திலேயே எழுதப்பட்டது. 1911ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு வைத்தியர் இருவர் அதனை மீண்டும் சோதித்தனர். 1921ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் வைல்டர் என்பார், பட்டினி கிடவாமலே கீற்றோன்களை உண்டாக்கும் கொழுப்புணவு முறையை வகுத்தார். மருந்துக்கு அடங்காத குழந்தை வலிப்புக்கு அம்முறை இன்றும் கையாளப்படுகின்றது.

மகாத்மா காந்தியின் நோன்புகளும் இவ்விடத்து நினைவுக்கு வரும். 1927ஆம் ஆண்டு நவம்பரில் கண்டிக்கும் பதுளைக்கும் வந்து மலையக மக்கள் கண்ட அவர், 1924, 1933, 1943ஆம் ஆண்டுகளில் 21 நாள் நோன்புகளை மேற்கொண்டார். நோன்புக் காலத்தில் தண்ணீரில் உப்பும் சோடாவும் கலந்து பருகுவது அவர் வழக்கம். 1948ஆம் ஆண்டு ஜனவரியில் அவர் மேற்கொண்ட இறுதி நோன்பின்போது, சிறுநீரில் அசிட்டோன் தோன்றியதைக் கண்டு வைத்தியர்கள் கவலையுற்றனர். அசிட்டோனும் கீற்றோன்களுள் ஒன்றே. எழுபத்தெட்டு அகவையிலும், உடல் தளர்ந்த அந்நிலையில், தம்மைக் காண வந்த தலைவர்களோடு நிபந்தனைகளைத் தெளிவாகப் பேசி முடித்தார் என்பது வரலாறு.

ஆயினும் இத்தெளிவுக்கு எல்லை உண்டு. உயிர்ச்சத்து பி1 உடலில் இரண்டு மூன்று வாரங்களுக்கு மட்டுமே போதுமானதாக இருக்கும். அது தீர்ந்தால் நினைவாற்றல் நிலையாகக் கெடும். 1996ஆம் ஆண்டில் துருக்கி நாட்டுச் சிறைகளில் நெடுநாள் உண்ணாவிரதம் இருந்தோருட் பலர், உயிர் தப்பியும் நினைவிழந்தோராய் வெளிவந்தனர். விட்டுவிட்டு உண்ணாதிருக்கும் எலிகளின் மூளை நரம்புகள் உறுதி பெறுவதை ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. பட்டினியில் உயிரணு தன் பழுதுகளைத் தானே செரித்துப் புதுப்பிக்கும் முறையை ஈஸ்ற்றில் ஆராய்ந்த ஜப்பானிய அறிஞர் யோசினோரி ஓசுமி 2016ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். ஆனால் நோன்பு மனித மூளையை முதுமையின் மறதி நோயிலிருந்து காக்கும் என இன்னும் நிறுவப்படவில்லை. நீரிழிவுக்கு மருந்து உட்கொள்வோர், கருவுற்ற தாய்மார், நோயாளர் ஆகியோர் வைத்தியர் சொற் கேளாது நோன்பிருத்தல் தகாது.

நோன்பு அறிவை வளர்க்குமா என்னும் வினாவுக்கு, பல ஆய்வுகளைத் தொகுத்து 2025ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி நேரான விடை தருகின்றது. உடல்நலமுள்ள வளர்ந்தோர் சில மணி நேரம் உண்ணாதிருப்பதால் அறிவுத்திறன் பொதுவாகக் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. சிறுவரிடத்தோ நிலைமை வேறு. உண்ணாத சிறுவரின் திறன் குறைந்தது.

இதற்குக் காரணம் உண்டு. வளர்ந்தோரின் மூளையைவிடக் குழந்தையின் மூளை உண்ணும் பங்கு பன்மடங்கு பெரிது. ஐந்து வயதளவில், உடல் ஓய்ந்திருக்கையில் செலவிடும் சக்தியிற் பாதிக்கும் மேற்பட்டது மூளைக்கே செல்கின்றது. சிறிய ஈரலிற் சேமிப்புங் குறைவு. உடலிற் கொழுப்புங் குறைவு. 1989ஆம் ஆண்டில், மேற்கிந்தியத் தீவாகிய ஜமெய்க்காவில் நடந்த ஓர் ஆராய்ச்சியில், காலையுணவு தவறிய நாளிற் பள்ளிச் சிறுவர்க்குச் சோதனைகள் வைக்கப்பட்டன. நன்கு வளர்ந்த சிறுவர் அந்நாளிற் சிறிதும் தளரவில்லை. போசாக்கின்றி வளர்ச்சி குன்றிய சிறுவரே தளர்ந்தனர். சேமிப்பு உள்ளவர்க்கு உண்ணாமை நோன்பாகின்றது. சேமிப்பு இல்லாதவர்க்கு அதுவே பசியாகின்றது என்பதை இதனினும் தெளிவாகக் காட்டுதல் அரிது.

இவ்வுண்மையை மலையகத்தின் மீது பொருத்திப் பார்த்தல் வேண்டும். 2016ஆம் ஆண்டு நடைபெற்ற இலங்கைக் குடிசன, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரமின்றி வளர்ச்சி குன்றியோர் நாடு முழுவதிலும் ஏறத்தாழ 17 வீதம். தோட்டப் பகுதியில் ஏறத்தாழ 32 வீதம். ஜமெய்க்காவிற் காலையுணவின்றித் தளர்ந்த பிள்ளைகள் எவரோ, அவரை ஒத்த பிள்ளைகள் நம் மலைகளில் மூவர்க்கு ஒருவர் என்னும் நிலை இது. வெறும் வயிற்றில் அருந்தும் சாயத் தண்ணீர் சிறிது நேரம் விழிப்பைத் தரும், பசியையும் மறைக்கும். ஆனால் உணவோடு சேர்ந்த தேநீர், உணவிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்காதபடி தடுக்கும். இரும்புச் சத்துக் குறைந்தால் இரத்தஞ் சோகும், கவனமும் தளரும். உலகம் அருந்தும் தேயிலையைப் பறிக்கும் கைகள் தம் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் காலையுணவு, அத்தேயிலையின் சாயமாக மட்டும் இருத்தல் கொடுமையன்றோ?

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு வழி காணப்பட்டது. 1920ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சி தன் பள்ளியொன்றில் உணவு வழங்கத் தொடங்கியது. 1956ஆம் ஆண்டளவில் முதலமைச்சர் காமராசர் மதிய உணவை மாநிலமெங்கும் விரித்தார். 1982ஆம் ஆண்டில் எம். ஜி. இராமச்சந்திரன் அதனைச் சத்துணவாக்கினார். 2022ஆம் ஆண்டில் காலையுணவும் சேர்ந்தது. இலங்கையிலும் 1973ஆம் ஆண்டு முதல் தாய்மார்க்கும் குழந்தைகட்கும் திரிபோஷா மா வழங்கப்பட்டு வந்துள்ளது. ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகட்கு உணவளிக்கும் திட்டமும் உண்டு. இவை தடைப்படும் நாளெல்லாம் பாடமும் தடைப்படும் நாளே.

நோன்பைப் பழித்தல் இவ்வாராய்ச்சியின் நோக்கமன்று. அக்கரப்பத்தனையில் மழையில் நனைந்துகொண்டு சஷ்டி நோற்கும் பெண்ணின் மனத்தெளிவு மெய்யானது. உடலியல் அதற்குச் சான்று பகர்கின்றது. ஆனால் அத்தெளிவைச் சான்றாகக் காட்டி, ஏழைக்குப் பசி நன்று எனவோ, பிள்ளை ஒருவேளை உண்ணாதிருந்தாற் குற்றமில்லை எனவோ கூறுதல் பொருந்தாது. இதனைத் திருவள்ளுவர் ஈகை அதிகாரத்தில் முன்னரே தீர்த்து வைத்தார். பசியைப் பொறுத்துக்கொள்ளும் தவத்தோரின் ஆற்றல் பெரிதுதான். எனினும் பிறர் பசியைப் போக்குவோரின் ஆற்றலுக்கு அஃது அடுத்ததே என்பது அவர் வகுத்த வரிசை.

சஷ்டி நிறைவில், பாரணைக்கு முன் அயல் லயத்துப் பிள்ளைகளை அழைத்து முதலில் அவர்க்குச் சோறிடும் தாய்மார் மலையகத்தில் உளர். அவர்கள் குறளைக் கற்றவரோ அல்லரோ, அதன் வரிசையை அறிந்தவர்கள். நோன்பினாற் கிடைத்த தெளிவு எதற்குப் பயன்படவேண்டும் என்பதை அவர்தம் அகப்பையே சொல்லிவிடுகின்றது.